விடுதலை ஆனார்கள், சரி. போன வருடங்களுக்கு யார் பொறுப்பு?

நெடுவழி (இழையைத் தொடங்கியவர்)

பத்து நாட்களாக இரவில் உட்கார்ந்து தேசப் பாதுகாப்பு வழக்குகளின் தீர்ப்புகளை வாசித்துக்கொண்டிருக்கிறேன். நான் சட்டம் படித்தவன் இல்லை. ஒரு கணக்கு மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

2002 செப்டம்பரில் காந்திநகர் அக்‌ஷர்தாம் கோயிலில் நடந்த தாக்குதல் பலருக்கு நினைவிருக்கும். 30 பேருக்கு மேல் இறந்தார்கள். மறு வருடம் ஆறு பேர் மீது பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. கீழ் நீதிமன்றம் மூன்று பேருக்குத் தூக்கு என்றது, உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்தது. சந்தேகத்தின் பலனைக் கொடுத்து அனுப்பிவைத்த தீர்ப்பு அல்ல அது. வாக்குமூலங்கள் நம்பத்தக்கவை அல்ல, வழக்குத் தொடர அனுமதி கொடுத்தவர்கள் மனத்தைச் செலுத்தாமலே கொடுத்திருக்கிறார்கள் என்று புலனாய்வைக் கடுமையாகச் சாடிய தீர்ப்பு.

அப்புறம் அவர்கள் இழப்பீடு கேட்டு அதே நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2016இல் கிடைத்த பதில், விடுதலை ஆனதற்கெல்லாம் இழப்பீடு கொடுத்தால் அது ஆபத்தான முன்னுதாரணம் ஆகிவிடும் என்பது.

இன்னொரு பக்கம் இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன். 1994இல் உளவு வழக்கில் கைது. 1996இலேயே அது பொய் வழக்கு என்று சிபிஐ அறிக்கை கொடுத்துவிட்டது. 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. 24 வருடம் கழித்து வந்தாலும் வந்ததே என்று எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் விஞ்ஞானிக்கு உண்டு, தூக்குமேடைக்குப் பக்கத்தில் போய் வந்தவர்களுக்கு இல்லை என்றால், இதில் விதி என்று ஏதாவது இருக்கிறதா? தவறாக அடைத்து வைத்ததற்கு யார் பொறுப்பு, எவ்வளவு, யார் கையிலிருந்து? இதைத்தான் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மூன்றாமாண்டு

அண்ணா, நான் சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. நீங்கள் படத்தின் ஒரு மூலையை மட்டும் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கிருந்து எங்கே வந்திருக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

1976 ஏப்ரல் 28. நெருக்கடி நிலை. ஜபல்பூர் வழக்கு. மிசா என்ற, விசாரணையில்லாமல் அடைத்துவைக்கும் தடுப்புக் காவல் சட்டத்தில் பிடிபட்டவர், தன்னை நீதிமன்றத்தில் நிறுத்தக் கேட்கும் ஆட்கொணர்வு மனுகூடப் போட முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா ஒரு கேள்வி கேட்டார். ஒரு காவல் அதிகாரி சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால்கூடப் பரிகாரம் இல்லையா என்று. நெருக்கடி நிலை இருக்கும்வரை இல்லை என்பதுதான் அரசு தலைமை வழக்கறிஞரின் பதில். கன்னா ஒருவர்தான் மாற்றுத் தீர்ப்பு எழுதினார். அடுத்த ஜனவரியில் அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்கு இளையவருக்குப் போனது.

2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்க உரிமைத் தீர்ப்பில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தப் பழைய தீர்ப்பைக் குழிதோண்டிப் புதைத்தது. பழைய தீர்ப்பின் பெரும்பான்மையில் இருந்த ஒய்.வி. சந்திரசூட் எழுதியது தவறு என்று எழுதியவர் அவருடைய மகனேதான். 2020இல் காஷ்மீர் இணைய முடக்க வழக்கில், முடக்கும் உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி முடக்கக் கூடாது என்றார்கள். 2021இல் பெகாசஸ் உளவு மென்பொருள் வழக்கில், தேசப் பாதுகாப்பு என்ற சொல்லைச் சொன்ன மாத்திரத்தில் நீதிமன்றம் வாய் மூடிக்கொள்ளாது என்றார்கள். இதெல்லாம் முன்னேற்றம் இல்லையா?

நெடுவழி

தம்பி, முன்னேற்றம் இல்லை என்று நான் சொல்லவில்லை. கன்னாவின் தீர்ப்பை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் நீ சொன்ன வரிசையை ஒருமுறை திரும்பப் பார். முடக்கக் கூடாது என்றார்கள். முடக்கியதால் நஷ்டப்பட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? வாய் மூட மாட்டோம் என்றார்கள், குழு போட்டார்கள். யாராவது பொறுப்பாக்கப்பட்டார்களா? உரிமையைப் பற்றிய வாசகங்கள் வருடத்துக்கு வருடம் அழகாகின்றன. பொறுப்பு என்ற பக்கம் வெள்ளையாகவே இருக்கிறது.

கறுப்பு அங்கி

நெடுவழி கேட்டது சரியான கேள்வி. 27 வருடமாக வக்கீல் தொழிலில் இருக்கிறேன், அதில் பாதி ஆட்கொணர்வு மனுக்கள்தான். கொஞ்சம் பழைய கதையிலிருந்து சொல்கிறேன்.

1947 செப்டம்பர். அமிர்தசரஸைச் சேர்ந்த ஒரு நகை வியாபாரி மீரட்டில் வந்து இறங்குகிறார். கையில் 100 தோலாவுக்கு (பழைய எடை அளவு) மேல் தங்கம். சந்தேகத்தின் பேரில் போலீஸ் பிடிக்கிறது, தங்கத்தை மால்கானாவில், அதாவது காவல் நிலையப் பொருள் காப்பறையில் வைக்கிறது. அவரை விட்டுவிட்டார்கள். தங்கம் திரும்பவில்லை. பொறுப்பில் இருந்த தலைமைக் காவலர் அதை எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். வியாபாரி வழக்குப் போட்டார். 1964இல் உச்ச நீதிமன்றம், காவலர்கள் அலட்சியமாக இருந்தது உண்மை, ஆனால் கைது செய்வதும் பறிமுதல் செய்வதும் இறையாண்மைப் பணி, அதில் நடந்த தவறுக்கு அரசு பணம் கொடுக்க வேண்டியதில்லை என்றது. கஸ்தூரிலால் வழக்கு. சட்டம் படித்த யாரைக் கேட்டாலும் இந்தப் பெயரைச் சொல்வார்கள். அதே தீர்ப்பில், நாடாளுமன்றம் இதற்கு ஒரு சட்டம் கொண்டுவர வேண்டும் என்றும் எழுதினார்கள். அந்தச் சட்டம் இன்றுவரை வரவில்லை.

1983இல்தான் ஒரு கதவு திறந்தது. பீகாரில் ருதுல் ஷா என்பவரை 1968இல் நீதிமன்றம் விடுவித்தது. ஆனால் 1982 அக்டோபர்வரை சிறையிலேயே இருந்தார். 14 வருடம். உச்ச நீதிமன்றம் மொத்தம் 35,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. தொகை சின்னது. ஆனால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர், உச்ச நீதிமன்றங்களில் நேரடியாகப் போடும் ரிட் மனுவிலேயே இழப்பீடு கொடுக்கலாம் என்ற வழி அன்றைக்குத்தான் பிறந்தது. 1993இல் ஒடிசாவில், மகனைக் காவலில் பறிகொடுத்த ஒரு தாயின் வழக்கில் ஒன்றரை லட்சம். அடிப்படை உரிமை விஷயத்தில் இறையாண்மை என்று சொல்லித் தப்ப முடியாது என்று அதில் தெளிவாக எழுதினார்கள்.

ஆக, நம்மிடம் இருப்பது சட்டம் அல்ல, நீதிமன்றத்தின் விருப்புரிமை. எந்த அமர்வு, எந்த நாள், எவ்வளவு கொடூரம் என்பதைப் பொறுத்தது. சர்வதேச உடன்படிக்கை ஒன்று, சட்டவிரோதமாகக் கைதானவருக்கு இழப்பீடு பெற உரிமை உண்டு என்கிறது. 1979இல் அதில் சேரும்போதே, எங்கள் சட்ட அமைப்பில் அப்படி ஓர் உரிமை கிடையாது என்று இந்தியா எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சேர்ந்தது. 2018இல் சட்ட ஆணையம் 277ஆவது அறிக்கையில், பொய் வழக்குக்கு இழப்பீடு தரத் தனிச் சட்டப்பிரிவு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2024 ஜூலையில் முக்கியக் குற்றவியல் சட்டங்கள் மூன்றையும் மாற்றினார்கள். இந்தப் பரிந்துரை மட்டும் உள்ளே வரவில்லை. காரணமில்லாமல் கைதானவருக்கு மாஜிஸ்திரேட் தரக்கூடிய தொகை புதிய சட்டத்திலும் அதிகபட்சம் 1,000 ரூபாய்தான். அதையும் போலீஸ் தராது, கைது செய்யவைத்த ஆள்தான் தரவேண்டும்.

பணிநிறைவு

வணக்கம். நான் 31 வருடம் காவல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். இங்கே பேசுகிற யாரையும் குறை சொல்ல வரவில்லை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவனின் நிலையையும் யாராவது சொல்ல வேண்டும்.

ஒரு தகவல் வரும். பாதி உண்மை, பாதி வதந்தி. எந்தப் பாதி உண்மை என்று தெரிந்துகொள்ள நேரம் இருக்காது. நீங்கள் சும்மா இருந்து குண்டு வெடித்தால் அந்த உடல்களை எண்ணுவது நீங்கள்தான். பிடித்தால், பத்து வருடம் கழித்து ஒரு நீதிபதி அமைதியான அறையில் உட்கார்ந்து ஏன் பிடித்தாய் என்பார். விடுதலை ஆனவர்கள் எல்லோரும் நிரபராதிகளும் இல்லை. சாட்சி பல்டி அடித்து வெளியே போனவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு விடுதலைக்கும் அதிகாரியின் பாக்கெட்டிலிருந்து பணம் என்று வைத்தால், நாளைக்கு எவனும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட மாட்டான். அப்புறம் யார் உயிருக்கு யார் உத்தரவாதம்?

நெடுவழி

ஐயா, நீங்கள் எழுதியதற்கு நன்றி. ஒவ்வொரு விடுதலைக்கும் பணம் என்று நானும் கேட்கவில்லை. வாக்குமூலம் இட்டுக்கட்டியது என்று நீதிமன்றமே சொன்ன பிறகும் இல்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அப்புறம், அதிகாரி கொடுப்பது வேறு, அரசு கொடுப்பது வேறு அல்லவா? அரசு கொடுத்தால் உங்கள் கை எதற்கு நடுங்க வேண்டும்?

பணிநிறைவு

அரசு கொடுத்தால் அடுத்த நாளே மெமோ வரும். அரசுப் பணத்துக்கு ஆடிட் உண்டு தம்பி.

பனையோலை

வணக்கம் எல்லோருக்கும். நான் யாழ்ப்பாணம். ஐயா சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன். சும்மா இருந்து குண்டு வெடித்தால் என்ன ஆகும் என்று எங்கட நாட்டில் ஒரு தீர்ப்பே வந்திருக்கிறது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள். 260க்கும் மேற்பட்ட சனம் செத்துப்போனது. ஏப்ரல் 4ஆம் திகதியே வெளிநாட்டுப் புலனாய்வுத் தகவல் வந்து சேர்ந்திருந்தது. ஒருவரும் அசையவில்லை. செத்தவர்களின் குடும்பங்களும் திருச்சபையும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். (எங்கள் உயர் நீதிமன்றம்தான் நாட்டின் உச்ச நீதிமன்றம்.) 2023 ஜனவரி 12 அன்று ஏழு நீதியரசர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். முன்னாள் ஜனாதிபதி சிறிசேன தன் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபாய் கட்டவேண்டும். பொலிஸ் மா அதிபராக இருந்தவர் ஏழரைக் கோடி, அரச புலனாய்வுச் சேவையின் தலைவராக இருந்தவர் ஏழரைக் கோடி, பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் 5 கோடி, தேசிய புலனாய்வுத் தலைவராக இருந்தவர் 1 கோடி. பதவியில் இருக்கும்போதுதான் ஜனாதிபதிக்குக் கவசம், இறங்கியபின் இல்லை. சிறிசேன தவணை கேட்டு மன்றத்துக்குப் போனதும் நடந்தது.

அந்தத் தீர்ப்பை வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. இப்படியும் ஒரு மன்றம் பேசலாம் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

ஆனால் மற்றப் பக்கமும் இருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று வந்தது. பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலம் அதில் சாட்சியமாகச் செல்லும். அமைச்சரின் கட்டளையில் 18 மாதம் வைக்கலாம் என்று இருந்ததை 2022இல்தான் 12 ஆக்கினார்கள். சிங்கராசா வழக்கு என்று ஒன்று. சிங்களத்தில் எழுதிய, அவருக்கு வாசிக்கத் தெரியாத வாக்குமூலத்தில் கைநாட்டு. 50 வருடத் தண்டனை, மேன்முறையீட்டில் 35 ஆனது. 2004இல் ஐநா மனித உரிமைக் குழு இது அநீதியான விசாரணை என்றது. 2006இல் எங்கள் உயர் நீதிமன்றம், அந்தக் குழுவுக்கு முறையிட வழிவிட்ட உடன்பாட்டில் இலங்கை சேர்ந்ததே அரசியலமைப்புக்குப் பொருந்தாது என்று கதவைச் சாத்திவிட்டது.

ஒரே மன்றம்தான். செய்யத் தவறியவனுக்குக் கோடிக் கணக்கில் தண்டம். பிழையாகச் செய்தவனைத் தேடி ஒருவரும் வரவில்லை.

நெடுவழி

பனையோலை, உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நான் பத்து நாளாகத் தேடியது இதுதான். பணிநிறைவு ஐயா இடத்தில் என்னை வைத்துப் பார்க்கிறேன். பிடிக்காமல் விட்டு ஏதாவது நடந்தால் என் வேலை போகும், சொத்து போகும், செய்தித்தாளில் பெயர் வரும். தவறான ஆளைப் பிடித்தால் எனக்கு ஒன்றும் இல்லை, நல்லெண்ணத்தில் செய்த செயல் என்று சட்டமே காப்பாற்றும். இப்படி இருந்தால் எந்த நல்ல மனிதனும் பிடிக்கும் பக்கம்தான் சாய்வான். அவர் கெட்டவராக இருக்கவே தேவையில்லை. தராசின் ஒரு தட்டில்தான் எடைக்கல் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், இழப்பீடு என்பது பாதிக்கப்பட்டவருக்கு ஆறுதல் மட்டும் அல்ல, அடுத்த கைதின்போது அதிகாரி ஒரு நிமிடம் யோசிப்பதற்கான காரணமும் அதுதான்.

பணிநிறைவு

ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பயந்து யோசிப்பது வேறு, பொறுப்போடு யோசிப்பது வேறு. இரண்டாவதற்கு வழி இருந்தால் சொல்லுங்கள், கேட்கத் தயார்.

பனிக்காலம்

கனடாவிலிருந்து எழுதுகிறேன். ஐயாவின் கேள்விக்கு ஓரளவு பதில் இங்கே இருக்கிறது.

மாஹேர் அரார், சிரியாவில் பிறந்த கனடியக் குடிமகன். 2002 செப்டம்பரில் நியூயார்க் விமான நிலையத்தில் அமெரிக்கா பிடித்தது, சிரியாவுக்கு அனுப்பியது. அங்கே ஏறக்குறைய ஒரு வருடம் சிறை, சித்திரவதை. கனடா போலீஸ் கொடுத்த தவறான தகவலும் அதற்கு ஒரு காரணம். இங்கே ஒரு விசாரணை ஆணையம் எல்லாக் கோப்புகளையும் பார்த்தது, 2006இல் அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை என்றது. 2007இல் அரசு 1 கோடியே 5 லட்சம் கனடிய டாலர் கொடுத்தது, பிரதமர் மன்னிப்புக் கேட்டார். தொகையைக் கட்டியது அரசு, எந்த அதிகாரியின் வீடும் ஏலத்துக்குப் போகவில்லை. ஆனால் எந்தத் தகவல் எங்கே தவறாகப் போனது என்று வரிவரியாக வெளியே வந்தது.

அமெரிக்காவிலும் அவர் வழக்குப் போட்டார். தேசப் பாதுகாப்பும் வெளியுறவும் கலந்த விஷயம், நாடாளுமன்றம் சட்டம் போடாமல் நாங்கள் இழப்பீட்டு வழி திறக்க மாட்டோம் என்று 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றமும் எடுக்கவில்லை. ஒரே ஆள், ஒரே சம்பவம், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இவ்வளவு வித்தியாசம்.

மூன்றாமாண்டு

அமெரிக்கா பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்ல வேண்டும். 1948இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு ராணுவ விமானம் விழுந்தது. இறந்தவர்களில் மூன்று பேரின் மனைவிமார் வழக்குப் போட்டு விபத்து அறிக்கையைக் கேட்டார்கள். ரகசியக் கருவிகள் இருந்த விமானம், தர முடியாது என்றது அரசு. 1953இல் உச்ச நீதிமன்றம் அந்த அறிக்கையைத் தானும் பார்க்காமலே அரசு சொன்னதை ஏற்றுக்கொண்டது. ரெனால்ட்ஸ் தீர்ப்பு. அரை நூற்றாண்டு கழித்து அந்த அறிக்கை வெளியே வந்தது. அதில் ரகசியக் கருவியின் விவரம் எதுவும் இல்லை. விமானத்தைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்பதுதான் இருந்தது.

அண்ணா சொன்ன பொறுப்பை மறைப்பதற்குத்தான் அந்த ரகசியம் பயன்பட்டது. இதை நான் முன்பு இப்படி யோசித்ததே இல்லை. நம் நாட்டில் சீலிட்ட உறை என்று வருவதும் இதுதானே? 2023 ஏப்ரல் 5 அன்று மீடியாஒன் தொலைக்காட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை நேராகக் கேட்டது. பாதுகாப்பு அனுமதி மறுத்ததற்கான காரணத்தைச் சேனலுக்குச் சொல்லாமல் நீதிபதியிடம் மட்டும் உறையில் கொடுத்தது நியாயம் இல்லை, தேசப் பாதுகாப்பை ஆகாயத்திலிருந்து எடுத்து வைக்க முடியாது என்றது.

கறுப்பு அங்கி

நல்ல இடத்தைத் தொட்டாய். இதற்கு நம் மெட்ராஸ் வழக்கு ஒன்றுதான் முதல் படி. 1950, ஏ.கே. கோபாலன். தோற்றுப்போன வழக்கு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், தடுப்புக் காவல் சட்டம் செல்லும் என்றுதான் தீர்ப்பு. ஆனால் அந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவை மட்டும் அடித்தார்கள். காவலில் வைத்த காரணத்தை நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது என்ற பிரிவு அது. குடியரசு பிறந்த வருடத்திலேயே, எங்கள் கண்ணைக் கட்டாதே என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2023இல் அதைத் திரும்பச் சொல்ல வேண்டி வந்தது.

இன்னொன்று. 1965இல் ராம் மனோகர் லோகியா வழக்கில் நீதிபதி ஹிதாயத்துல்லா மூன்று வட்டங்களைப் போட்டுக் காட்டினார். பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு. அதற்குள் சின்ன வட்டம் பொது ஒழுங்கு. அதற்கும் உள்ளே மிகச் சின்னது அரசின் பாதுகாப்பு. நடைமுறையில் அந்த உள்வட்டத்துக்காகச் செய்த கருவிகளை வெளிவட்டத்தில் எடுத்துப் புழங்குகிறார்கள். தடுப்புக் காவல் என்பது போர்க்காலச் சரக்கு. நம் ஊரில் அது சாதாரணமாகக் குண்டாஸ் (குண்டர் தடுப்புச் சட்டம்) என்ற பெயரில் நடமாடுகிறது. 2011இல் ரேகா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லித்தான் ஒரு குண்டாஸ் உத்தரவை ரத்து செய்தது. வழக்கமான சட்டமே போதும் என்ற இடத்தில் தடுப்புக் காவல் சட்டவிரோதம் என்றது.

இரண்டாம்நடை

இந்த இழையைப் பக்கத்துக்குப் பக்கம் வாசித்துவிட்டு இப்போதுதான் கணக்கு தொடங்கினேன். வக்கீல் சார், நீங்கள் குண்டாஸ் என்றதால் கேட்கிறேன்.

என் தம்பி மீது ஓர் அடிதடி வழக்கு. அவன் அந்த இடத்தில் இருந்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஜாமீன் மனு போட்டோம். அது விசாரணைக்கு வருவதற்குள் குண்டாஸ் போட்டுவிட்டார்கள். ஐந்தாவது வாரம் அந்த வழக்கில் ஜாமீன் கிடைத்தது, ஆனால் வெளியே வர முடியவில்லை. காவல் உத்தரவுகளைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்துக்கு அழைத்துப் போனார்கள். வக்கீல் வைக்க முடியாது என்றார்கள். அவனுக்குப் பேசத் தெரியாது. எங்கள் அம்மா அனுப்பிய முறையீடு யார் மேசையில் கிடந்ததோ தெரியாது. ஏழு மாதம் கழித்து உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம் என்பதுதான் காரணம். நீதிமன்றத்தில் அன்றைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த ஏழு மாதத்தில் அவன் வேலை போனது. நிச்சயம் பண்ணியிருந்த கல்யாணம் நின்றது. நான் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன், அம்மாவிடம் நன்றாக இருக்கிறான் என்று சொல்வேன். இதற்கெல்லாம் ஏதாவது கேட்க முடியுமா சார்? பணத்துக்காக மட்டும் இல்லை. தவறு நடந்தது என்று ஒரு தாளில் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும்.

கறுப்பு அங்கி

தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். வெளியே வந்து எத்தனை மாதம் ஆகிறது?

இரண்டாம்நடை

எட்டு மாதம் முடியப் போகிறது சார்.

கறுப்பு அங்கி

அப்படியானால் கவனமாகக் கேளுங்கள். இதைப் பலர் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். சட்டவிரோதக் காவலுக்கு நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்குக்குக் காலவரம்பு ஒரே ஒரு வருடம், காவல் முடிந்த நாளிலிருந்து. அரசு மீது வழக்கு என்றால் இரண்டு மாதம் முன்பாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த இரண்டு மாதத்தைக் காலவரம்புக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனாலும் கடைசி நாள்வரை இழுக்காதீர்கள்.

இப்போது கசப்பான பகுதி. நல்லெண்ணத்தில் எடுத்த நடவடிக்கைக்கு வழக்கு இல்லை என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. முதலில் அதைத்தான் காட்டுவார்கள். தாமதத்துக்காக ரத்தானது தொழில்நுட்பக் காரணம், உத்தரவே தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை என்றும் வாதிடுவார்கள். அதனால் சிவில் வழக்கைவிட உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு நல்லது. நான் மேலே சொன்ன ருதுல் ஷா, ஒடிசா வழக்குகளின் வழி. அதற்கு அப்படிக் கறாரான காலவரம்பு கிடையாது, ஆனால் தாமதமாகப் போனால் ஏன் தாமதம் என்று கேட்பார்கள். கிடைக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன். இது மாதிரி மனுக்களில் பாதிக்கு மேல் நானே தோற்றிருக்கிறேன்.

உங்களுக்குச் சாதகம் ஒன்று இருக்கிறது. கிரவுண்ட் கேஸில், அதாவது குண்டாஸ் போடக் காரணமான அந்த அடிதடி வழக்கில், ஜாமீன் கிடைத்த தேதி. அன்றிலிருந்து விடுதலைவரை உங்கள் தம்பி உள்ளே இருந்ததற்கு அந்த உத்தரவு ஒன்றுதான் காரணம். ரிமாண்டில்தானே இருந்தார் என்று அவர்கள் சொல்ல முடியாது. அந்த ஜாமீன் உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள். காவல் உத்தரவோடு கொடுத்த புக்லெட் இருக்கிறதா?

இரண்டாம்நடை

இருக்கிறது சார். அம்மா ஒரு துணிப்பையில் கட்டி வைத்திருக்கிறார்கள். சில பக்கங்கள் படிக்கவே முடியாது, மை கலைந்து இருக்கும்.

கறுப்பு அங்கி

அந்தப் பக்கங்களை அப்படியே வையுங்கள். அதுவும் ஒரு வாதம்.

பணிநிறைவு

தம்பி, நானும் ஒன்று சொல்கிறேன். நான் பணியில் இருந்தபோது இப்படிப்பட்ட கோப்புகள் என் மேசை வழியாகப் போயிருக்கின்றன. எத்தனையில் முறையீடு எத்தனை நாள் கிடந்தது என்று நான் திரும்பிப் பார்த்தது இல்லை. உங்கள் அம்மா அனுப்பியது போன்ற கடிதங்கள் அவற்றில் இருந்திருக்கும்.

தாமதம் எங்கே நடந்தது என்பது கோப்பிலேயே இருக்கும். முறையீடு அலுவலகத்துக்கு வந்த தேதி, குறிப்புரை கேட்டு அனுப்பிய தேதி, குறிப்புரை திரும்பி வந்த தேதி, ஒவ்வொரு நிலையிலும் அலுவலர் கையெழுத்துப் போட்ட தேதி. ரத்து செய்த வழக்கில் அரசுத் தரப்பு இந்தத் தேதிகளைத் தாக்கல் செய்திருப்பார்கள், நீதிமன்ற ஆவணத்தில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தாமதம் என்று பொதுவாகக் கேட்காதீர்கள். கோப்பு நகர்வின் தேதிகள் என்று கேளுங்கள், அப்படிக் கேட்டால் மறுப்பது கடினம். தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள்.

நெடுவழி

ஐயா, உங்கள் இந்தப் பதிவை இழையின் மேலே ஒட்டி வைக்கச் சொல்லிக் கேட்கப்போகிறேன்.

இரண்டாம்நடை, நகல் மனுவுக்கோ பயணத்துக்கோ ஏதாவது உதவி தேவைப்பட்டால் தனிச்செய்தி அனுப்புங்கள். தயங்க வேண்டாம்.

இரண்டாம்நடை

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். முறையீடு அனுப்பிய தபால் ரசீதும் அந்தப் பையில் இருக்கிறதாம், எனக்கே தெரியாது. திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டேன். முதலில் ஜாமீன் உத்தரவின் நகலுக்கு மனு போடுகிறேன். தேதிகளை எழுத ஆரம்பித்துவிட்டேன், கிடைத்ததும் இங்கேயே போடுகிறேன்.